ஓலை வாசிக்கும் நேரம்

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நான் சேலத்தில் பிறந்து வளர்ந்தவன். பெங்களூரில் வேலை பார்க்கிறேன். மாதம் ஒருமுறை சனிக்கிழமை இரவு பேருந்தேறி, விடியற்காலையில் ஐந்து ரோட்டில் இறங்கி, அரைத் தூக்கத்தோடு அம்மாவை ஞாயிறு பூசைக்கு அழைத்துப் போகிறேன். சென்ற ஞாயிறு நன்மை (நற்கருணை) வாங்கி வந்து உட்கார்ந்ததும் அறிவிப்பு தொடங்கியது. எந்த அன்பியம் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் குழு) எந்த நாளில் ஜெபமாலை நடத்துவது, மறைபரப்பு ஞாயிறு காணிக்கை, உறுதிபூசுதல் வகுப்பு, இரண்டு ஓலை (திருமண அறிவிப்பு), கல்லறைத் தோட்டம் சுத்தம் செய்ய ஆள், கிறிஸ்துமஸ் பாடல் பயிற்சி, திருவிழாக் கணக்கில் வரவேண்டிய பாக்கி என்று பதினேழு நிமிடம் ஓடியது. கடவுளைத் தேடி வருகிறவனுக்கு இதில் என்ன இருக்கிறது? பங்கு, அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் சமூகம், விழா நடத்தும் கமிட்டியாகிவிட்டதோ என்று தோன்றுகிறது. இதைவிட நல்ல மறையுரையை என் அறையிலிருந்தே இணையத்தில் கேட்டுக்கொள்கிறேன். அறிவிப்பை வாட்ஸாப்பில் போட்டுவிட்டால் போதாதா? பங்கு இல்லாமல் ஒருவன் விசுவாசியாக இருக்க முடியாதா? அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். நவம்பரில் நம் வீட்டில் அன்பியக் கூட்டம், கட்டாயம் வந்துவிடு என்பதைத் தவிர அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

பதினேழு நிமிடம் அதிகம்தான். இந்த விஷயத்தில் திருவழிபாட்டு விதியே உங்கள் பக்கம் இருக்கிறது. அறிவிப்புகள் தேவையானால் மட்டும், அதுவும் சுருக்கமாக, நன்மைக்குப் பிந்திய மன்றாட்டு முடிந்த பிறகே வரலாம் என்கிறது உரோமைத் திருப்பலி நூலின் பொது விதிமுறை. ஆனால் பல கோயில்களில் அந்த மன்றாட்டுக்கு முன்பே, மக்கள் உட்கார்ந்திருக்கும்போதே வாசித்துவிடுகிறார்கள். காரணம் எல்லோரும் அறிந்ததுதான்: ஒருமுறை எழுந்து நின்றுவிட்டால் பாதிக் கூட்டத்தின் கை வண்டிச் சாவிக்குப் போய்விடும்.

எனவே நீளத்தைப் பற்றி உங்களோடு எனக்கு வழக்கு இல்லை. அந்தப் பட்டியலில் கடவுளைத் தேடுகிறவனுக்கு ஒன்றும் இல்லை என்று நீங்கள் எழுதிய இடத்தில்தான் நான் மாறுபடுகிறேன்.

சேலம் மறைமாவட்டம் உருவான 1930ஆம் ஆண்டில் பூசை இலத்தீனில்தான் நடந்தது. வழிபாட்டில் தாய்மொழிக்கு இடமளித்த இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடு வெளிவந்தது 1963 டிசம்பர் 4 அன்று. அதன் பிறகும் முழுப் பூசையும் தமிழுக்கு வந்து சேரச் சில ஆண்டுகள் பிடித்தன. என் பாட்டி தன் வாழ்நாளில் பெரும்பகுதி, பீடத்தைப் பார்த்துத் திரும்பி நின்ற குருவின் முதுகையும் மணியோசையையும் வைத்தே பூசை எங்கே வந்திருக்கிறது என்று கணித்துக்கொண்டு, கையில் ஜெபமாலையை உருட்டியபடி முழங்காலில் இருந்தவர். குரு திரும்பி நின்று அவருக்குப் புரியும் மொழியில் பேசியது பிரசங்கத்திலும் அறிவிப்பிலும் மட்டுமே. பிரசங்கம் நரகத்தைப் பற்றியதாக இருக்கும். அறிவிப்பு பக்கத்து வீட்டைப் பற்றியது. இரண்டில் எதற்குப் பாட்டி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தலைமுறையிடமிருந்து உங்கள் அம்மாவின் தலைமுறைக்கு வந்த பழக்கம் இது.

நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்ட ‘இரண்டு ஓலை’யை எடுத்துக்கொள்ளுங்கள். பனையோலையில் எழுதிய காலம் போய், கணினியில் தட்டச்சு செய்து வாசிக்கும் காலம் வந்த பின்னும் நாம் அதை ஓலை என்றே சொல்கிறோம். திருமணம் செய்யப்போகிறவர்களின் பெயரை மூன்று திருநாள்களில் கோயிலில் அறிவிக்க வேண்டும் என்று 1563இல் திரிதெந்து நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் கட்டளையிட்டதற்குக் காரணம், மறைவில் நடந்த மணங்களால் கைவிடப்பட்ட பெண்கள். ஒரு மனிதனுக்கு வேறு ஊரில் மனைவி இருக்கிறாள் என்பது குருவுக்குத் தெரியாமல் இருக்கலாம். நானூறு பேர் உட்கார்ந்திருக்கும் கோயிலில் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும். ‘தடை ஏதும் இருந்தால் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும்’ என்ற அந்தச் சலிப்பூட்டும் வாக்கியம், முகம் தெரியாத ஒரு பெண்ணுக்காக ஊரையே சாட்சியாக உட்கார வைக்கும் ஏற்பாடு. (முதல் ஓலை வாசிக்கும் ஞாயிறன்று பெண் வீட்டார் வழக்கத்தை விட்டுக் கடைசி வரிசைக்குப் போய்விடுவதையும், அப்படியும் தலைகள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்புவதையும் நீங்கள் கவனித்ததுண்டா?)

ஏற்காட்டில் ஆசிரியராக இருந்த ஆண்டுகளில், எஸ்டேட் ஒன்றுக்குள் இருந்த சிறிய கோயிலுக்கு நான் போவதுண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை குரு ஜீப்பில் வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் வேதாகமம் வாசித்து ஜெபம் நடத்துவார். சேர்வராயன் மலையில் நவம்பரில் காப்பிப் பழம் பறிக்கத் தொடங்கிவிடுவார்கள். கனிந்த பழம் காத்திருக்காது, கூலியும் பறித்த கிலோவுக்குத்தான் என்பதால், நவம்பர் 2 இறந்தோர் நினைவு நாளும் அதன் பின் வரும், கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலமும் அந்தப் பறிப்பின் நடுவே எங்காவது இடம் தேடிக்கொள்ள வேண்டும். ஓர் அக்டோபர் கடைசி ஞாயிறு, மழை, மின்சாரம் இல்லை. பீடச் சிறுவன் ஒருவன் டார்ச் பிடித்துக்கொண்டிருக்க, நூல் கட்டிய மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உபதேசியார் பள்ளி நோட்டு ஒன்றிலிருந்து வாசித்தார். கல்லறைப் பூசை காலையில் இல்லை, பறிப்பு முடிந்து மாலை ஆறரைக்கு. புல் வெட்ட வீட்டுக்கு ஒருவர் அரிவாளோடு வரவும். அப்புறம், மூன்றாவது லைன் வீட்டுப் பாட்டிக்கு நான்கு நாளாகக் காய்ச்சல், மகன் திருப்பூரில் இருக்கிறான், ராத்திரி கூட இருக்க ஆள் வேண்டும்.

இதை வாசித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றினார். அடுத்த வரிக்குப் போகவில்லை. கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தகரக் கூரையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. “இன்னிக்கு நாங்க பாத்துக்கறோம்” என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “செவ்வா, புதன் நான்” என்றது இன்னொன்று. உபதேசியார் கண்ணாடியை மறுபடி மாட்டி, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து இரண்டு பெயர்களையும் எழுதிக்கொண்டு, வியாழனுக்கு ஆள் வரும்வரை மீண்டும் நின்றார். குரு அதுவரை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, “மன்றாடுவோமாக” என்றார்.

பங்குத்தந்தை தம் மக்களின் வீடுகளுக்குச் சென்று அவர்களுடைய கவலையிலும் துக்கத்திலும் பங்குகொள்ள வேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம். மாதம் ஒருமுறை இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலிருக்கும் ஓர் எஸ்டேட்டுக்கு வந்து போகிற குரு அந்தக் கடமையை நிறைவேற்ற, அந்தப் பள்ளி நோட்டைத் தவிர வேறு வழி என்ன இருந்தது?

வாட்ஸாப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போடலாம். பூசை நேரம் மாறியது, அறுவைச் சிகிச்சைக்கு இரத்தம் தேவை, வேளாங்கண்ணிக்கு வண்டி எத்தனை மணிக்குப் புறப்படும் என்பதற்கெல்லாம் ஒலிபெருக்கியைவிடக் கைப்பேசி மேல். ஆனால் அந்தக் குழுவில் ‘ராத்திரி கூட இருக்க ஆள் வேண்டும்’ என்று எழுதிப் பாருங்கள்: கூப்பிய கைகள் நாற்பது வந்து விழும், வியாழக்கிழமைக்கு ஆள் வராது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு நம் முகத்தைப் பார்த்து நிற்கும் மனிதரை அங்கே எப்படிக் கொண்டுவருவது என்று எனக்குத் தெரியவில்லை.

பங்கு இல்லாமல் விசுவாசியாக இருக்க முடியுமா என்ற கேள்வி இதைவிடப் பெரியது. தனியே காட்டுக்குப் போய் வாழ்ந்தவர்களைத் திருச்சபை எப்போதும் மதித்தே வந்திருக்கிறது. வனவாசிகளுக்கென்று சட்டத்தில் ஒரு பிரிவும் உண்டு. ஆனால் அந்த வனவாசியும் தம் துறவற வார்த்தைப்பாட்டை ஓர் ஆயரின் (பிஷப்பின்) கையில்தான் கொடுக்கிறார். பங்கோ, பொது விதியாக, நிலப்பரப்பை வைத்து வகுக்கப்படுவது: இந்தத் தெருவிலிருந்து அந்த ஓடை வரை குடியிருக்கும் கத்தோலிக்கர் எல்லோரும் அதில் அடக்கம். இணையத்தில் மறையுரையாளரை நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள். பிடிக்காவிட்டால் அடுத்தவருக்குப் போகிறீர்கள். பங்கில் பக்கத்தில் உட்காருகிறவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. தமிழில் இதற்குப் ‘பங்கு’ என்று பெயர் வைத்தவர்கள் யாரோ, சொத்தும் சண்டையும் சேர்ந்தே வரும் என்பதை அறிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். பங்கு இருக்கிறவன் பங்காளி அல்லவா?

2020 ஏப்ரல் 12, கோயில்கள் எல்லாம் பூட்டிக் கிடந்த உயிர்ப்பு ஞாயிறு. எங்கள் தெருவில் ஒரு மூதாட்டிக்குப் பேரன் கைப்பேசியில் பாப்பரசரின் பூசையையே காட்டினான். முழுவதும் கைகூப்பிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது இதுதான்: “எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. நம்ம கோயில்ல யாருக்கு என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் வாசிக்கலையே?”

உங்கள் பட்டியலின் கடைசி இனமான திருவிழாப் பாக்கியைப் பொறுத்தவரை உங்களைவிட எனக்குக் கோபம் அதிகம். எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது, அப்பா படுக்கையில் இருந்த ஆண்டில், நாங்கள் அப்போது இருந்த ஊரின் பங்கில் (எது என்பது வேண்டாம்) திருவிழா வரி கட்டாதவர்களின் பெயர்களோடு எங்கள் வீட்டுப் பெயரும் ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டது. அம்மா தலை குனியவில்லை, நான்தான் குனிந்தேன். இன்றும் அறிவிப்புக்கு முன் யாராவது மைக்கை விரலால் தட்டிப்பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்றும், மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அதாவது, கணக்கு கோயிலிலிருந்து மக்களை நோக்கி வர வேண்டும். வறுமையால் எவருக்கும் திருமுழுக்கு, நற்கருணை போன்ற அருளடையாளம் கிடைக்காமல் போய்விடக் கூடாது என்று சொல்லும் அதே சட்டத்தின் கீழ், வரி கட்டாதவன் பெயரைப் பீடத்தருகே நின்று வாசிப்பதற்கு எங்கே இடம் இருக்கிறது? வரவும் செலவும் வாசலில் உள்ள பலகையில் ஒட்டப்படட்டும். பாக்கிப் பட்டியல் எங்கும் வேண்டாம். பங்குப் பேரவையில் இதைச் சொல்ல நீங்கள் பெங்களூரிலிருந்து கடிதம் எழுதலாம். அப்படி ஒன்று போனால், பதினேழில் ஐந்து நிமிடமாவது உடனே குறையும்.

நவம்பர் கூட்டத்திற்குப் போங்கள். பத்துப் பதினைந்து வீட்டார் வருவார்கள். நாற்காலி போதாது, மாடி வீட்டில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஒரு பாட்டு, நற்செய்தி வாசகம், அதைப் பற்றி ஆளுக்கு இரண்டு வார்த்தை, மன்றாட்டு, பிறகு சுண்டலும் காப்பியும். எங்கள் அன்பியத்தில், சுண்டலுக்கு முன் யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, அடுத்த கூட்டம் எங்கே, கோயில் கூட்டும் முறை யாருக்கு என்பதை வாசிப்பது அந்த வீட்டுப் பிள்ளையின் வேலை. உங்கள் அன்பியத்திலும் அதுவே வழக்கமாக இருந்தால் தாள் உங்கள் கைக்குத்தான் வரும். மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள்.