ரஷ்ய நாவல்களில் தீமையை எங்கே தேடுவது?

‘குற்றமும் தண்டனையும்’ நாவலின் ரஸ்கோல்னிகோவையும் ‘நம் காலத்து நாயகன்’ நாவலின் பெச்சோரினையும் வில்லன் என்பதா, நாயகன் என்பதா என்பது கேள்வி. இரண்டுமே பொருந்தாது. தஸ்தயேவ்ஸ்கி 1864-லேயே ‘எதிர்நாயகன்’ என்ற சொல்லைக் கையாண்டுவிட்டார். எதிர்நாயகனுக்கான குணங்கள் எல்லாம் இங்கே வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருக்கின்றன என்று அவருடைய ‘நிலவறைக் குறிப்புகள்’ கதையைச் சொல்லும் நிலவறை மனிதனே தன் குறிப்புகளின் முடிவில் சொல்கிறான். ஆனால் பெயரைவிட முக்கியமானது, இந்த எழுத்தாளர்கள் தீமையிடமிருந்து கம்பீரத்தைப் பறிக்கும் விதம்.

‘குற்றமும் தண்டனையும்’ (1866) முதல் பாகத்தின் 6, 7 ஆகிய அத்தியாயங்களை அவசரமில்லாமல் வாசியுங்கள். அசாதாரண மனிதனுக்கு எல்லையைத் தாண்ட உரிமை உண்டு என்று நம்பும் ரஸ்கோல்னிகோவ், அடகுக்காரக் கிழவி ஒருத்தியைக் கொல்லப் போகிறான். கோடரியைத் தொங்கவிடப் பழைய சட்டையைக் கிழித்து, மேலங்கியின் உள்ளே இடது அக்குளுக்குக் கீழே சுருக்கு ஒன்று தைத்துக்கொள்கிறான். அடகுப்பொருள் என்று காட்டுவதற்கு மரத்துண்டையும் இரும்புத் தகட்டையும் சேர்த்துக் கட்டித் தாளில் சுற்றுகிறான். கிழவி அவிழ்க்க நேரமாகட்டும் என்றே முடிச்சைச் சிக்கலாகப் போடுகிறான். தன் வீட்டிலிருந்து அவள் வீட்டுக்கு 730 காலடி என்று முன்பே எண்ணிவைத்திருக்கிறான்.

இனி எல்லாமே பிசகுகிறது. சமையலறையில் வேலைக்காரி நஸ்தாஸ்யா துணி காயப்போட்டுக்கொண்டிருப்பதால் அங்கிருக்கும் கோடரியை எடுக்க முடியவில்லை. காவலாளின் அறையில், பெஞ்சுக்கு அடியில் இரண்டு விறகுக் கட்டைகளுக்கு நடுவே வேறொன்று தற்செயலாகக் கண்ணில் படுகிறது. கிழவியைக் கொன்ற பிறகு, வரவே மாட்டாள் என்று நினைத்திருந்த அவள் தங்கை லிஸவெத்தா வந்து நிற்கிறாள். முகத்தைக் காத்துக்கொள்ளக்கூட அவள் கையைத் தூக்கவில்லை. இடது கையை மட்டும் மெல்ல அவன் பக்கம் நீட்டுகிறாள். அவன் கோட்பாட்டில் அவளுக்கு இடமே இல்லை. வாசற்கதவோ அவ்வளவு நேரமும் திறந்தே கிடந்திருக்கிறது.

அலமாரியின் மேல் இழுப்பறையில் இருந்த 1,500 ரூபிளை அவன் பார்க்கவே இல்லை. எடுத்த பணப்பையையும் திறக்காமல் ஒரு கல்லுக்கு அடியில் புதைத்துவிடுகிறான். அதில் 317 ரூபிளும் மூன்று 20 கோபெக் நாணயங்களும் இருந்தன என்பதே விசாரணையில்தான் தெரிகிறது. பலர் இந்தப் பக்கங்களைத் தாண்டி, நெப்போலியன் போன்றவர்களுக்கு எல்லையே இல்லை என்ற அவன் வாதத்துக்கு ஓடிவிடுகிறார்கள். வாதத்துக்கான மறுப்பு இங்கே, இந்தக் கந்தல் துணியிலும் முடிச்சிலும்தான் இருக்கிறது.

லேர்மன்தவின் ‘நம் காலத்து நாயகன்’ (1840) வேறு வகை. ஐந்து கதைகள், காலவரிசை கலைக்கப்பட்டவை. பெச்சோரினின் நாட்குறிப்பு அறிவும் அழகுமாக மயக்கும். அதனால்தான் அதற்கு முன்பே, வெளியிலிருந்து பார்க்கும் ‘மக்ஸீம் மக்ஸீமிச்’ கதையை வைத்திருக்கிறார். பழைய நண்பன் வந்திருக்கிறான் என்று கிழட்டுக் கேப்டன் வேர்த்து விறுவிறுத்து, நரைமுடி நெற்றியில் ஒட்ட, சதுக்கத்தைக் கடந்து ஓடிவருகிறார், கட்டிக்கொள்ளப் போகிறார். பெச்சோரின் புன்னகையோடு கையை மட்டும் நீட்டுகிறான். அவன் கடத்திவந்த பெண்ணான பேலாவின் சாவைவிட இந்தக் கைகுலுக்கல் எனக்குக் கொடூரமாகப் படுகிறது. நாட்குறிப்பை மட்டும் தனியாக எடுத்து வாசித்தால் இவனை நேசித்துவிடுவோம்.

இதற்குப் பிறகு சல்திகோவ்-ஷெத்ரினின் ‘கலவ்லியோவ் குடும்பம்’ (1880). தமிழில் அதிகம் பேசப்படாதது பெரிய குறை. யூதாஸ் குட்டி என்று வீட்டாரே பெயரிட்ட பர்ஃபீரி யாரையும் அடிப்பதில்லை. ஜபமும் தேன் தடவிய பேச்சும்தான் அவன் ஆயுதம். சீட்டாட்டத்தில் 3,000 ரூபிள் அரசுப் பணத்தை இழந்த மகன் வந்து கெஞ்சும்போதும் காசு தராமல் உபதேசம் செய்கிறான். மகன் நாடுகடத்தப்பட்டு, போகும் வழியிலேயே செத்துப்போகிறான்.

தஸ்தயேவ்ஸ்கியின் ‘கரமாசவ் சகோதரர்கள்’ நாவலில், சகோதரர்களில் ஒருவனான இவானிடம் வரும் சாத்தானுக்கும் இறக்கையோ நெருப்போ கிடையாது. பழைய மோஸ்தர் கோட்டும் கட்டம்போட்ட கால்சட்டையும் அணிந்த நொடித்துப்போன கனவான், முடக்குவாதம் என்று அலுத்துக்கொள்கிறான்.

அவருடைய ‘பேய்கள்’ நாவலை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மையப் பாத்திரமான ஸ்தவ்ரோகின் துறவி தீகனிடம் தன் வாக்குமூலத்தைக் கொடுக்கும் அத்தியாயத்தைப் பத்திரிகை ஆசிரியர் கத்கோவ் அச்சிட மறுத்தார். அது வெளிவந்தது 1922-ல். பின்னிணைப்பாகவாவது அது இருக்கும் பதிப்பையே எடுங்கள். ஊரார் வெறுப்பைத் தாங்கத் தயாராக வந்தவனிடம், அவர்கள் சிரிப்பார்களே, அதைத் தாங்குவாயா என்று தீகன் கேட்கிறார். ஸ்தவ்ரோகினின் முகம் மாறுவது அங்கேதான்.