பண்பாடா, கணக்கா? வெளிநாட்டு வணிகம் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: உள்நாட்டில் நன்றாக ஓடிய முறையிலேயே வெளிநாட்டிலும் கடை திறந்தோம். ஈயாடுகிறது. "அந்த ஊர்ப் பண்பாடு நமக்கு ஒத்துவரவில்லை" என்கிறார் மேலாளர். ஏற்கலாமா?

பதில்: பாதியை ஏற்கலாம். மறு பாதியைத் தேடாமல் விட்டுவிடுவீர்களோ என்பதுதான் என் கவலை. அமெரிக்கச் சில்லறைக் கடை நிறுவனமான வால்மார்ட் 1997-ல் ஜெர்மனிக்குள் நுழைந்தது. 2006-ல் தன் 85 கடைகளையும் மெட்ரோ என்ற ஜெர்மன் வணிக நிறுவனத்திடம் விற்றுவிட்டு வெளியேறியது. வாசலில் நின்று சிரித்து வரவேற்றது ஜெர்மானியர்களுக்குப் பிடிக்கவில்லை என்ற கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் கணக்கையும் பாருங்கள். வால்மார்ட்டின் பலம் மலிவு விலை. அங்கே ஆல்டி, லிடில் என்ற உள்ளூர் மலிவு விலைக் கடைகள் பல்லாண்டுகளாக அதையே செய்துவந்தன. வால்மார்ட் அடக்க விலைக்குக் கீழே விற்றதை 2000-ல் போட்டிக் கண்காணிப்பு அமைப்பு தடுத்தது (ஆல்டி, லிடில் மீதும் அதே நடவடிக்கை வந்தது). ஊழியர்களின் காதல் உறவுகளைக் கட்டுப்படுத்த முயன்ற நடத்தை விதியை 2005-ல் தொழிலாளர் நீதிமன்றம் செல்லாது என்றது. சிரிப்பை மட்டும் நிறுத்தியிருந்தால் அந்தக் கடைகள் பிழைத்திருக்காது.

விலை, கூலி, வாடகை, சட்டம் ஆகிய நான்கிலும் உள்ளூர்ப் போட்டியாளரின் நிலையையும் உங்கள் நிலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அப்படியும் விளங்காமல் மிஞ்சுவதைப் பண்பாடு என்று சொல்லுங்கள்.

கேள்வி: நாடுகளுக்கு டச்சு ஆய்வாளர் ஹாஃப்ஸ்டீட் கொடுத்த பண்பாட்டு மதிப்பெண்களை வைத்து ஆள் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அவை 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கணக்கெடுப்பிலிருந்து பிறந்த நாட்டுச் சராசரிகள். அதைத் தனிமனிதர் மீது ஏற்றிப் பார்க்கக் கூடாது என்று அவரே எச்சரித்திருக்கிறார்.

கேள்வி: ஜப்பானியக் கூட்டாளிகள் கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்கள். மாதங்கள் போகின்றன, முடிவு மட்டும் வரவில்லை.

பதில்: "கேட்டுக்கொண்டேன்" என்பதற்கும் "சம்மதம்" என்பதற்கும் அங்கே தூரம் அதிகம். பல நிறுவனங்களில் முடிவு கூட்டத்தில் பிறப்பதில்லை. முதலில் ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்துப் பேசுவார்கள். இதற்கு நெமவாஷி என்று பெயர், மரத்தை இடம் மாற்றி நடுமுன் வேரைச் சுற்றித் தோண்டுவதிலிருந்து வந்த சொல். பிறகு முன்மொழிவுத் தாள் துறை துறையாகச் சுற்றி முத்திரை வாங்கும். அதனால் கூட்டத்துக்கு முன்பே நடுமட்ட அலுவலர்களைச் சந்தியுங்கள். தாமதத்தை மட்டும் பார்த்து அவர்களை எடைபோடாதீர்கள். முடிவான பிறகு செயல்படுத்தும் வேகம் பெரும்பாலும் உங்களை வியக்கவைக்கும்.

கேள்வி: புதிய சந்தையில் வாடிக்கையாளர்கள் முன்பணம் கட்டவே தயங்குகிறார்கள். சந்தேகப்படுவது அவர்களின் இயல்பா?

பதில்: ஏமாந்தால் பணம் திரும்ப வராது என்று தெரிந்த எவரும் சந்தேகப்படுவார்கள். சீனாவில் அமெரிக்க இணையச் சந்தையான ஈபேயை எதிர்த்து 2003-ல் வந்த உள்ளூர் இணையச் சந்தை தாவோபாவ் இதைச் சரியாகப் பிடித்தது. வாங்குபவரின் பணத்தை இடையில் நிறுத்திவைத்து, பொருள் கைக்கு வந்தபின் விற்பவருக்குக் கொடுத்தது அதன் பணப் பட்டுவாடா சேவையான அலிபே. அதோடு விற்பவரிடம் நேரடியாக அரட்டையில் பேசி, பேரம்கூடச் செய்ய முடிந்தது. விற்பவரிடம் பட்டியல் கட்டணமும் வாங்கவில்லை. 2006 இறுதியில் ஈபே தன் சீனத் தளத்தை மூடி, உள்ளூர் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்தது. பேச்சு பண்பாடு, கட்டணம் பொருளாதாரம், பிடித்துவைத்த பணம் இரண்டுக்கும் பாலம். உங்கள் தளத்தில் அந்தப் பாலம் இருக்கிறதா?

கேள்வி: விற்பனை கூடியும் நாணய மாற்றில் லாபம் கரைகிறது. மாற்று விகிதத்தை முன்கூட்டியே உறுதிசெய்யும் முன்பேர ஒப்பந்தம் போதுமா?

பதில்: சில மாதங்களுக்குப் போதும், ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் மாற்றத்துக்குப் போதாது. டாலரின் மதிப்பைக் குறைக்க ஐந்து பெரிய நாடுகள் செய்த பிளாசா உடன்பாடு 1985 செப்டம்பரில் வந்தபோது ஒரு டாலர் ஏறத்தாழ 240 யென். 1987 முடிவில் அது 120 அருகே வந்துவிட்டது. ஜப்பானிலிருந்து ஏற்றுமதி செய்வது கட்டுப்படியாகாமல் போக, டொயோட்டா போன்றவை அமெரிக்காவிலேயே தொழிற்சாலை கட்டின. அதன் கென்டக்கி ஆலை 1988-ல் கார் தயாரிக்கத் தொடங்கியது. (அமெரிக்காவுக்கு அனுப்பும் ஜப்பானியக் கார்களுக்கு 1981-லிருந்தே ஏற்றுமதிக் கட்டுப்பாடு இருந்ததும் ஒரு காரணம்.) விற்கும் நாணயத்திலேயே செலவும் நடந்தால் அடி குறையும். கூலி, மூலப்பொருள், கடன் ஆகியவற்றில் எதை அந்த நாட்டு நாணயத்துக்கு மாற்ற முடியும் என்று உங்கள் கணக்காளருடன் உட்கார்ந்து பாருங்கள். எளிதில் கைகூடுவது பெரும்பாலும் கடன்தான். ஆனால் அங்குள்ள வட்டி விகிதத்தை விசாரிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.