பெஞ்சில் உட்கார்ந்த அம்மாவை எழுப்பிவிட்டார்கள்: சட்டம் என்ன சொல்கிறது?

கேள்வி: தென்மாவட்டக் கிராமம் ஒன்றில் வாழும் ஆதிதிராவிடக் கத்தோலிக்கர்கள் நாங்கள். எங்கள் தெருக்காரர்கள் கோயிலில் இடப்பக்கம் கடைசியில், தரையில்தான் உட்காருகிறோம். வலப்பக்கம் முன்னால் கிடக்கும் நான்கு பெஞ்சுகளில் மேலத்தெருக் குடும்பங்களின் பெயரை ‘உபயம்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். போன மாதம் என் மகள் முதல்முறையாக நற்கருணை வாங்கிய புதுநன்மைப் பூசையில், முட்டிவலியால் கீழே உட்கார முடியாத என் அம்மா அதில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் பங்குப்பேரவைக்காரர் ஒருவர் வந்து, “உங்காளுங்க பக்கம் அது” என்று கையைக் காட்டி எழுப்பிவிட்டார். பங்குச் சாமியாரிடம் முறையிட்டதற்கு, “பழைய வழக்கம்மா, நான் தலையிட்டா ஊர் ரெண்டாயிரும்” என்கிறார். வன்கொடுமைச் சட்டத்தில் புகார் கொடுக்கலாமா? சிவில் வழக்குப் போடலாமா?

பதில்: சகோதரி, பேத்தி புதுநன்மை வாங்கும் நாளில் அம்மாவுக்கு நேர்ந்ததைப் படித்தபோது மனசு கனத்தது. சட்டத்தில் உங்களுக்கு வழி இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கும் வழி அதுவல்ல.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் எதிரான குற்றங்களுக்கானது. 1950-ம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, மூன்றாவது பத்தியில், இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேராதவரைப் பட்டியல் சாதியினராகக் கருதுவதில்லை. தமிழ்நாட்டில் உங்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் தருவதும் இதனால்தான். தீண்டாமை மட்டும் மதம் மாறியும் விடவில்லை, பாதுகாப்பு மட்டும் போய்விட்டது. இது பெரும் அநீதி என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் இன்றைய நிலையில் அந்தச் சட்டத்தில் புகார் கொடுத்தால் அது நிற்காது. அப்புறம் ஊரில் ‘பொய்க் கேசு’ என்று பேசுவார்கள்.

உங்களுக்கான சட்டம் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1955. தீண்டாமையை ஒழிக்கும் அரசியலமைப்பின் 17-வது பிரிவை நடைமுறைப்படுத்த வந்த சட்டம் இது. இதன் 3-வது பிரிவு ‘எந்த ஒருவரையும்’ என்றே பேசுகிறது, பட்டியல் சாதியினர் என்று சுருக்கவில்லை. பொது வழிபாட்டு இடத்துக்குள் நுழைய விடாமல் தடுப்பது மட்டும்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். “கோயிலுக்குள்ளதான் விடுறோமே, அப்புறம் என்ன?” என்று உங்கள் ஊரிலும் கேட்பார்கள். அதே பிரிவின் அடுத்த பகுதியை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்: அதே மதத்தைச் சேர்ந்த மற்றவர்கள் எந்த முறையில், எந்த அளவுக்கு வழிபடுகிறார்களோ, அதே முறையில், அதே அளவுக்கு வழிபடவிடாமல் தீண்டாமையின் பேரால் தடுப்பதும் குற்றம். ஒரு சாரார் பெஞ்சிலும் இன்னொரு சாரார் தரையிலும் இருந்தால் ‘அதே முறை’ எங்கே இருக்கிறது? தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, கூடவே 100 முதல் 500 ரூபாய் வரை அபராதம். பிடியாணை இல்லாமலே போலீஸ் நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் இது.

ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்கிறேன். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், செயல் தீண்டாமையால்தான் நடந்தது என்று நீதிமன்றமே அனுமானிக்க 12-வது பிரிவு இடம் தருகிறது. அந்த அனுமானம் உங்களுக்குக் கிடைக்காது, நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். “பெஞ்சு வாங்கிக் கொடுத்தவங்க உட்காருறாங்க, சாதி எங்க வந்துச்சு?” என்பதுதான் எதிர்த்தரப்பின் வாதமாக இருக்கும். வெறும் பணப் பெருமைக்காக எழுப்பினால் அது அசிங்கம்தான், ஆனால் இந்தச் சட்டத்தில் குற்றமாகாது. ஆகவே உங்கள் தெருவில் யாராவது பெஞ்சு உபயம் தர முன்வந்து மறுத்திருக்கிறார்களா, உபயதாரர் அல்லாத மேலத்தெருக்காரர் அந்த பெஞ்சுகளில் உட்காருகிறாரா என்று பாருங்கள். ‘உங்காளுங்க’ என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்ட சாட்சிகள் இரண்டு பேராவது வேண்டும். உபயம் கொடுத்த பொருள் கோயிலுக்குச் சொந்தம். பெயர் எழுதியதால் உட்காரும் உரிமை அந்தக் குடும்பத்துக்கு ஒட்டிக்கொள்ளாது.

‘பழைய வழக்கம்’ என்பதற்குத் திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் பதில் சொல்லியிருக்கிறது. அங்கே சாதிக்கொரு பக்கமாக, கால்சட்டை வடிவில் கோயிலைக் கட்டி, நடுவே தடுப்பும் வைத்திருந்தார்கள். 1910-ல் அந்தத் தடுப்பை இடித்ததும் ஆதிக்கசாதிக் கிறிஸ்தவர்கள் தனியிட உரிமை கேட்டு வழக்காடினார்கள். மைக்கேல் பிள்ளை வழக்கு என்று வக்கீல்கள் அறிந்த வழக்கு அது. சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை. அரசியலமைப்பே இல்லாத காலத்தில் தோற்ற வாதம் இது.

சிவில் வழக்கும் போடலாம். ஆனால் பிராதில் ‘முன்வரிசை வேண்டும்’, ‘எங்களுக்கும் மரியாதை வேண்டும்’ என்று எழுதிவிடாதீர்கள். பதவியோடு சேராத வெறும் மரியாதைக்காகச் சிவில் நீதிமன்றம் வழக்கு ஏற்காது என்று தீர்த்தம், பரிவட்டம் போன்ற தகராறுகளில் தீர்ப்புகள் வந்துவிட்டன. சாதி பார்க்காமல் எந்த இடத்திலும் உட்கார்ந்து வழிபடும் உரிமை உங்களுக்கு உண்டு என்று நீதிமன்றம் அறிவிக்கும் விளம்புகையும், தடுப்பவர்கள் இனித் தடுக்கக் கூடாது என்ற நிரந்தர உறுத்துக்கட்டளையும் கேளுங்கள். தெருக்காரர்கள் பலர் என்பதால், சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 1 விதி 8-ன்படி ஒருசிலர் எல்லோருக்காகவும் வழக்காட நீதிமன்றத்தின் அனுமதி வாங்கலாம்.

வழக்குக்கு முன் உங்கள் மறைமாவட்ட ஆயருக்குப் (பிஷப்) பதிவுத் தபாலில் ஒரு மனு அனுப்புங்கள். சாமியாருக்குத் தைரியம் இல்லாவிட்டாலும் திருச்சபைச் சட்டம் உங்கள் பக்கம்தான். கிறிஸ்துவில் ஞானஸ்நானம் பெற்ற எல்லோரும் மாண்பில் சமம் என்கிறது 208-வது பிரிவு. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, 32-வது எண்ணில், தனியாருக்கோ சமூக அந்தஸ்துக்கோ வழிபாட்டில் தனி மரியாதை கூடாது என்கிறது. பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடமும் ஏழைக்குக் கால்மாட்டில் இடமும் தருவதைக் கண்டிக்கும், பைபிளில் உள்ள யாக்கோபு திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தையும் மனுவில் சேருங்கள். ஆயர் என்ன பதில் சொன்னாலும், பதிலே சொல்லாவிட்டாலும், அது உங்களுக்கு ஆவணம்.

போலீஸ் புகாரை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். நிலையத்தில் பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். அங்கேயும் நடக்கவில்லை என்றால் குற்றவியல் நடுவரிடம் போகலாம். நீங்கள் பெண் என்பதால், வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார்.

பூசை நடக்கும்போது மட்டும் வாக்குவாதம் வேண்டாம். தெருப் பையன்களிடமும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். வழிபாட்டைக் குலைத்தார்கள் என்று உங்கள் மேலேயே எதிர்ப்புகார் வரும், அதற்கும் சட்டத்தில் தனிப்பிரிவு இருக்கிறது.

முதல் வேலையாக இன்றைக்கே அம்மாவை உட்காரவைத்து, நடந்ததை அவர் வாயால் சொல்லச் சொல்லி, தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் யார் நின்றார்கள், அந்த ஆள் எந்தக் கையைக் காட்டினார், எந்தச் சொல்லைச் சொன்னார் என்பது வரை அப்படியே இருக்கட்டும். வக்கீல் நடைக்கு மாற்ற வேண்டாம்.