ஊரறிந்தவர்களின் அந்தரங்கம்: வாசகர் கேள்வி – பதில்

எலான் மஸ்க்கின் தனி விமானம் எங்கே பறக்கிறது என்று ஒரு கல்லூரி மாணவர் இணையத்தில் போட்டுக்கொண்டே இருந்தாராமே? அவ்வளவு பணம் இருந்தும் ஏன் மறைக்க முடியவில்லை?
– வாசகர், திருநெல்வேலி

விமானமே தன் இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டு பறப்பதால்தான். ஏடிஎஸ்-பி என்ற கருவி விநாடிக்கு இரண்டு தடவை வாக்கில், தான் இருக்கும் இடத்தை 1090 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. கூடவே உயரம், வேகம், விமானத்துக்கே உரிய ஆறு இலக்கக் குறியீடு எல்லாம் போகும். விமானங்கள் மோதிக்கொள்ளாமல் இருக்கச் செய்த ஏற்பாடு என்பதால் எல்லோர் காதிலும் விழ வேண்டும், சங்கேதமாக்கவே இல்லை. அமெரிக்காவின் முக்கிய வான்பகுதிகளில் 2020 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். ஒரு யுஎஸ்பி ரிசீவர், ஓர் ஆன்டெனா, கையளவு ராஸ்பெரி பை கணினி போதும். மொட்டைமாடியில் வைத்து, சுற்றிலும் மறைப்பு இல்லாவிட்டால் 200, 300 கி.மீ. தள்ளிப் பறப்பதும் சிக்கும்.

ஜாக் ஸ்வீனி என்ற அந்த மாணவர் 2020-இல் செய்தது இதைத் தானாக ட்வீட் போடும் புரோகிராமாக மாற்றியதுதான். நிறுத்த 5,000 டாலர் தருவதாக மஸ்க் சொன்னார்; இவர் 50,000 கேட்டார்; பேரம் படியவில்லை. 2022 அக்டோபரில் மஸ்க் ட்விட்டரையே வாங்கினார், டிசம்பரில் அந்தக் கணக்கு முடக்கப்பட்டது. பிறகு ஒரு நாள் தாமதத்துடன் வேறொரு கணக்கு வந்தது.

மறைக்க இரண்டு வழிகள் உண்டு, இரண்டிலும் ஓட்டை. முதலாவது, எஃப்ஏஏ எனும் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பிடம் எழுதிக் கேட்பது. அதன் தரவை வாங்கிப் பயன்படுத்தும் தளங்கள் உங்கள் விமானத்தைக் காட்டாது. ஆனால் ஏடிஎஸ்-பி எக்ஸ்சேஞ்ச் போன்ற தளங்கள் தன்னார்வலர்களின் மொட்டைமாடி ஆன்டெனாக்களிலிருந்து நேரடியாகத் திரட்டுகின்றன. அவற்றை இது கட்டுப்படுத்தாது. இரண்டாவது, தற்காலிகக் குறியீடு வாங்குவது. அமெரிக்கப் பதிவு பெற்ற விமானத்துக்கு, அமெரிக்க வான்வெளிக்குள் மட்டும்தான் செல்லும். வெளிநாடு கிளம்பினால் பழைய குறியீடுதான். உள்நாட்டிலும் அதே மாடல் விமானம், அதே ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) இருந்து, அதே ஊர்களுக்குப் போனால் கூர்ந்து பார்ப்பவர் இரண்டு மூன்று பயணங்களில் பிடித்துவிடுவார். உரிமையாளர் பெயரையும் முகவரியையும் பொதுப் பதிவேட்டிலிருந்து மறைக்கக் கோரும் வசதி 2024 சட்டத்தின் பேரில் 2025-இல் வந்தது. பெயர் மறையும், சிக்னல் மறையாது.

லூயி வுய்ட்டான் குழுமத் தலைவர் பெர்னார் அர்னோ 2022-இல் கண்ட வழிதான் உருப்படியானது. நிறுவன விமானத்தை விற்றுவிட்டோம், இனி வாடகை விமானம்தான், நான் எங்கே போகிறேன் என்று யாருக்கும் தெரியாது என்றார். சொந்தமாக வைத்துக்கொள்ளும் பெருமைதான் இங்கே காட்டிக்கொடுக்கிறது.

தன் வீட்டுப் படத்தை இணையத்திலிருந்து நீக்கச் சொல்லி வழக்குப் போட்டால் பாதுகாப்புத்தானே? பலர் ஏன் வேண்டாம் என்கிறார்கள்?
– வாசகி, ஈரோடு

அமெரிக்கப் பாடகியும் நடிகையுமான பார்பரா ஸ்ட்ரைசாண்ட் பட்ட பாடுதான் காரணம். கலிஃபோர்னியாவின் கடற்கரை அரிப்பைப் பதிவுசெய்ய ஒருவர் வானிலிருந்து 12,000-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்து இணையத்தில் வைத்தார். அதில் ஒன்றில் மாலிபுவிலிருந்த ஸ்ட்ரைசாண்டின் பங்களா விழுந்திருந்தது. 2003-இல் 5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அதற்கு முன் அந்தப் படம் தரவிறக்கப்பட்டது 6 தடவை. அதிலும் 2 அவருடைய வக்கீல்களே செய்தது. வழக்குச் செய்தி பரவியதும் ஒரே மாதத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தத் தளத்துக்கு வந்தார்கள். வழக்கும் தள்ளுபடி, எதிர்த்தரப்பின் செலவாகச் சுமார் 1,55,000 டாலர் இவர் தலையில்.

நோட்டீஸ் அனுப்பும் முன் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். சொற்பம் என்றால் சத்தமில்லாமல், குறிப்பிட்ட இணைப்பைக் காட்டி, தளத்துக்காரரிடம் கேளுங்கள். முகவரி, தொலைபேசி எண் தேடலில் வந்தால் நீக்கக் கோரும் படிவம் கூகுளில் இருக்கிறது. தேடலிலிருந்துதான் போகும், மூலப் பக்கம் அப்படியே இருக்கும். தெருக்களின் படத்தைக் காட்டும் கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் வீட்டை மங்கலாக்கவும் கேட்கலாம். மங்கலாக்கினால் மாற்ற முடியாது, யோசித்துச் செய்யுங்கள்.

பிரபலங்கள் கல்யாணப் படங்களைப் பத்திரிகைக்கு விற்றுவிட்டு, வேறொருவர் எடுத்தால் மட்டும் அந்தரங்கம் என்பது நியாயமா?
– வாசகர், கும்பகோணம்

நியாயமோ இல்லையோ, இங்கிலாந்தின் உயர்மட்டம் வரை போன கேள்வி இது. 2000 நவம்பரில் நியூயார்க் பிளாசா ஹோட்டலில் ஹாலிவுட் நட்சத்திரங்கள் மைக்கேல் டக்ளஸ் – கேத்தரின் ஸீட்டா-ஜோன்ஸ் கல்யாணம். படங்களின் உரிமையை 'ஓகே!' இதழ் 10 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. கள்ளத்தனமாக நுழைந்த ஒருவர் எடுத்த படங்களைப் போட்டியான 'ஹலோ!' வெளியிட்டது. கடைசியில் தம்பதிக்குக் கிடைத்தது 14,600 பவுண்டு; 'ஓகே!'வுக்கு 10 லட்சத்துக்கும் மேல், 2007-இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் 3–2 தீர்ப்பு அதை மீண்டும் நிலைநாட்டியது. மனவருத்தத்துக்கு விலை குறைவு, கைவிட்டுப்போன வியாபாரத்துக்கு விலை அதிகம். விருந்தினர் கேமரா கொண்டுவரக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லி, பாதுகாப்பும் போட்டதால்தான் அது ரகசியம் காக்க வேண்டிய நிகழ்வு என்று நிரூபிக்க முடிந்தது. அதைச் செய்யாமல் பிற்பாடு அழுது பயனில்லை.

நம் ஊர் வீட்டுக் கல்யாணத்துக்கும் ஒன்று. 1957 காப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவின் காப்புரிமை சொன்னவருக்கே, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை. அந்த 'வேறு ஒப்பந்தம்' ஸ்டுடியோக்காரரின் பில்லுக்குப் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும். முன்பணம் கொடுக்கும்போதே "எழுத்துமூல அனுமதி இல்லாமல் இன்ஸ்டாகிராமிலோ ஆல்பம் மாதிரியிலோ போடக்கூடாது, ஆல்பம் ஒப்படைத்த பின் மூலக் கோப்புகளை அழிக்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

லாட்டரியில் கோடிக்கணக்கில் விழுந்தால் பெயரை வெளியே விடாமல் இருக்கலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிஃபோர்னியாவில் பெயர் வெளியாகும். டெலவேர், கேன்ஸஸ் போன்ற இடங்களில் மறைக்கலாம். 2018-இல் நியூ ஹாம்ப்ஷயரில் 56 கோடி டாலர் விழுந்த பெண், சீட்டின் பின்னால் தன் பெயரையும் முகவரியையும் எழுதி வைத்துவிட்டார். டிரஸ்ட் பெயரில் எழுதியிருந்தால் யாரென்றே தெரிந்திருக்காது. எழுதியதை அழித்தால் சீட்டே செல்லாது என்றது லாட்டரி நிர்வாகம். கோர்ட்டுக்குப் போய்த்தான் பெயரைக் காப்பாற்றினார். ஊர்ப் பெயர் வெளியாகத் தடை கிடைக்கவில்லை.

கேரளத்தில் சீட்டின் பின்னால் பெயர், முகவரி, கையெழுத்து இல்லாமல் கேட்க முடியாது. 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். 2022 ஓணம் பம்பரில் 25 கோடி விழுந்த திருவனந்தபுரம் ஆட்டோ ஓட்டுநர் டிவிக்காரர்கள் முன் நின்றார். சில நாளில் வீட்டில் தங்க முடியாதபடி உதவி கேட்டு ஆட்கள். அப்போது பணமே கைக்கு வரவில்லை. ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம் போக 22.5 கோடி, அதில் 30 சதவீத வரி போக 15.75 கோடி, அதற்கு மேல் சர்சார்ஜ், செஸ் தனி. கேட்டு வருபவர்களின் கணக்கில் மட்டும் அது 25 கோடியாகவே இருக்கும். சீட்டை வங்கியில் கொடுத்து, ஆடிட்டரைப் பார்த்த பிறகு வாயைத் திறப்பது நல்லது.

ஒருவரின் வாழ்க்கையை அவர் அனுமதி இல்லாமல் எழுதலாமா, படமாக்கலாமா?
– வாசகி, மதுரை

ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் வெளியிடாமல் அதிகாரிகள் தடுக்கப் பார்த்த வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் கோடு போட்டது. பொது ஆவணங்களில் இருப்பதை அனுமதியின்றி எழுதலாம். அதைத் தாண்டினால் எழுதியவர் பின்விளைவுக்குப் பொறுப்பு. முன்கூட்டியே தடுக்க அதிகாரிகளுக்கு உரிமை இல்லை. இறந்தவருக்கோ, அந்தரங்க உரிமை அவரோடு முடிந்துவிடுகிறது: ஜெயலலிதா பற்றிய படத்தை எதிர்த்து அவர் அண்ணன் மகள் தீபா தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது.

அப்பா பெயரில் சொத்து அதிகம். யாருக்கு என்ன எழுதினார் என்று ஊருக்குத் தெரியாமல் இருக்க உயிலைப் பதிவு செய்யலாமா?
– வாசகர், திண்டுக்கல்

எந்தப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் எந்தப் புத்தகத்தில் ஏறுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கிரையம், செட்டில்மென்ட் எல்லாம் 1-ஆம் புத்தகம். யாரும் கட்டணம் கட்டி நகல் எடுக்கலாம். வில்லங்கச் சான்றை இணையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம்: சர்வே எண் தெரிந்தால் எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர், கைமாற்றுத் தொகை எல்லாம் கண்முன்னே. டிரஸ்ட் வைத்தாலும், அதில் ஒரு சென்ட் நிலம் சேர்ந்துவிட்டால் முழுப் பத்திரமும் 1-ஆம் புத்தகத்துக்குப் போய்விடும். பங்கு, டெபாசிட், நகைக்குத் தனிப் பத்திரம் போட்டால் அது 4-ஆம் புத்தகம். தொடர்புடையவர்களுக்கு மட்டுமே நகல்.

உயில் 3-ஆம் புத்தகம். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரோ அவருடைய ஏஜென்டோ தவிர வேறு யாருக்கும் நகல் கிடையாது. இறந்த மறுநாள் முதல் கேட்பவருக்கெல்லாம் உண்டு. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. உயிலை முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் வைப்பீடு செய்யும் வழியும் உண்டு (பதிவுச் சட்டம், பிரிவு 42). உறை மேல் பெயரும் இன்ன ஆவணம் என்ற குறிப்பும் எழுதித் தர வேண்டும். அவர் 5-ஆம் புத்தகத்தில் குறித்துக்கொண்டு தீப்பிடிக்காத பெட்டியில் வைப்பார். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை பதிவாளருக்கும் உள்ளே என்ன என்று தெரியாது. இறந்த பிறகு மனுக் கொடுத்துத் திறந்தால் அதுவும் 3-ஆம் புத்தகத்தில் ஏறும். இறந்த பிறகும் யாருக்கும் தெரியக்கூடாது என்றால் பதிவே செய்யாமல், இரண்டு சாட்சிகள் கையெழுத்தோடு வங்கி லாக்கரில் வைக்கலாம். சட்டப்படி உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை. ஆனால் பிள்ளைகளில் ஒருவர் கோர்ட்டுக்குப் போனால் அதில் இருப்பது வெளியே தெரிந்துவிடலாம்.