அரபுத் திரைப்பட விழாவில் "விழா இயக்குநர்" என்பவர் யார்? படம் எடுப்பவரா?

படம் எடுப்பவராக இருக்கலாம், ஆனால் அது கட்டாயமில்லை. விழா எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர்தான் விழா இயக்குநர். அவருக்குக் கீழே படம் தேர்ந்தெடுக்கும் குழு இருக்கும். அப்புறம் அரங்கம், விருந்தினர், வசன மொழிபெயர்ப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஆட்கள் உண்டு.

ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். யாரை அழைப்பது என்பது பெரியவர் முடிவு. இலையில் என்ன விழும் என்பது தலைமைச் சமையல்காரர் கையில். பந்தி நடப்பதோ பரிமாறுகிறவர்களால்.

இந்தப் பொறுப்பு ஏன் முக்கியம்? துனிசியாவின் கார்த்தேஜ் விழாவைப் பாருங்கள். 1966இல் அதைத் தொடங்கிய தாஹர் ஷெரியா, அரபுப் படங்களோடு ஆப்பிரிக்கப் படங்களுக்கும் இடம் கொடுத்தார். அங்கே முதல் தங்கத் தானித் விருதை, அதாவது விழாவின் உயரிய விருதை, வென்றவர் செனகல் நாட்டுத் திரைப்பட இயக்குநர் உஸ்மான் செம்பென். சொந்த மண்ணிலேயே திரை கிடைக்காத படங்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. தேர்ந்தெடுப்பவரின் பார்வைக்கு அவ்வளவு பலம் உண்டு என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

பலரும் நினைப்பதுபோல விழா இயக்குநர் விருதை முடிவு செய்வதில்லை. போட்டிப் படங்களைப் பார்த்து அதை முடிவு செய்வது தனி நடுவர் குழு.