அட்ரீனல் குறைபாட்டுடன் ஆபரேஷன்: வலி வருமுன் செய்ய வேண்டியவை

கேள்வி: எனக்கு 27 வயது. பிறவியிலேயே அட்ரீனல் குறைபாடு (சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி போதிய ஹார்மோன் சுரக்காத நிலை). தினமும் ஹைட்ரோகார்டிசோன், ஃப்ளூட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைகள் எடுக்கிறேன். அடுத்த மாதம் லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியாக) பித்தப்பையை எடுக்கப் போகிறார்கள். பிறகு வலி வராமல் தடுக்க முடியுமா? வலி மாத்திரை சேருமா?

பதில்: பெரும்பாலும் சேரும். ஆனால் உங்கள் விஷயத்தில் வலியையும் ஸ்டீராய்டையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது. வலித்தால் மற்றவர்களின் உடல் தானாகவே கார்டிசால் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து சமாளித்துவிடும். கார்டிசாலைத் தயாரிக்கும் நொதி மரபணுக் கோளாறால் குறைந்துபோனதால் உங்கள் சுரப்பிக்கு அது முடியாது. அந்தக் கூடுதலை வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். வலியைக் கட்டுக்குள் வைத்தால் அந்தச் சுமையும் குறையும்.

அதனால் மயக்க மருத்துவரை முன்கூட்டியே சந்தித்துப் பேசுங்கள். பெரியவர்களுக்கு வழக்கமாக மயக்கம் கொடுக்கும்போதே 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ரத்த நாளத்தில் போடுவார்கள். பிறகு 24 மணி நேரத்தில் 200 மில்லிகிராம் சொட்டு சொட்டாக ஏறும். வாந்தியும் வலியும் குறைய டெக்ஸாமெத்தசோன் ஊசி போடுவதும் உண்டு. "அதுவும் ஸ்டீராய்டுதானே, போதும்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உப்பைத் தக்கவைக்கும் வேலையை அது செய்யாது. எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து கார்டிசால் உற்பத்தியையே தடுப்பது. அதைத் தவிர்க்கச் சொல்லலாம்.

சரி, வலிக்கு வருவோம். துளை போடும் இடங்களில் மரத்துப்போகும் ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள். கண்விழிக்கும்போது வலி நன்றாகக் குறைந்திருக்கும். பாராசிட்டமாலை வலித்த பிறகு தேடாமல், மருத்துவர் சொன்ன அளவில் நேரம் தவறாமல் எடுப்பதே நல்லது. இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவற்றில் மட்டும் கவனம். ஸ்டீராய்டோடு சேர்ந்தால் வயிற்றுப்புண் வரலாம். உடலில் நீரும் உப்பும் குறைந்திருந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். சிறுநீரகம் சரியாக இருந்து, தண்ணீர் குடிக்க முடிந்தால், மருத்துவர் சில நாளைக்கு மட்டும் தரக்கூடும். மார்ஃபின் வகை மருந்துகள் குமட்டலை உண்டாக்கும். வாந்தியில் மாத்திரை போய்விட்டால் உங்களுக்கு அது சின்ன விஷயமல்ல. வேறு வழிகளில் வலி அடங்காதபோது மட்டும் அவை போதும்.

தோள்பட்டை வலித்தால் பயப்பட வேண்டாம். வயிற்றை உப்பச்செய்யும் வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது. ஓரிரு நாளில் போய்விடும்.

நான் அதிகம் கவலைப்படுவது வயிற்று வலியைப் பற்றி. வலியோடு வாந்தி, தலைச்சுற்றல், கடும் அசதி, குழப்பம் சேர்ந்தால் அது தையல் வலியாக இல்லாமல் அட்ரீனல் நெருக்கடியாக (கார்டிசால் மிகவும் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும் நிலை) இருக்கலாம். அப்போது வலி மாத்திரையைக் கூட்டிக்கொண்டு காத்திருப்பது ஆபத்து.

சாப்பிடத் தொடங்கியதும் ஹைட்ரோகார்டிசோன் பொதுவாக இரண்டு நாளாவது இரட்டிப்பு அளவில் தொடரும். எப்போது குறைப்பது என்பதை டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுதி வாங்குங்கள். அவசர ஹைட்ரோகார்டிசோன் ஊசி வீட்டில் இருக்கட்டும், அதைப் போடக் கூட இருப்பவருக்கும் தெரிந்திருக்கட்டும். மாத்திரை வயிற்றில் நிற்காவிட்டால் 100 மில்லிகிராம் ஊசியைத் தசையில் போட்டுவிட்டு, உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.