ராத்திரி இரண்டு மணி போன்

கேள்வி: என் வீட்டுக்காரர் கேஸ் டேங்கர் ஓட்டுகிறார். மங்களூரில் லோடு ஏற்றித் தமிழ்நாட்டு பிளாண்டுகளுக்குக் கொண்டுவருவார். முன்பு இரண்டு டிரைவர், இப்போது ஒத்தையாள். சீக்கிரம் திரும்பினால் மாதத்துக்கு ஒரு டிரிப் கூடும். அந்தப் படியில்தான் மகளின் கல்லூரிக் கட்டணம் போகிறது. "இத்தனை வருஷ சர்வீஸ், முழிச்சிருக்கறது பழகிப்போச்சு" என்கிறார். கண் அசந்துவிடக் கூடாதே என்று ராத்திரி இரண்டு மணிக்கு நானே போன் செய்து பேசிக்கொண்டிருக்கிறேன். இன்னும் என்ன செய்யலாம்?
- பெயர் வேண்டாம், நாமக்கல் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்த போனை இன்றோடு நிறுத்துங்கள். பாசத்தில்தான் செய்கிறீர்கள். ஆனால் ஹெட்செட் போட்டுப் பேசினாலும் பேச்சு கவனத்தைப் பிரிக்கும், தூக்கத்தை விரட்டாது. "ம்" கொட்டிக்கொண்டே சில நொடி கண் சொருகும், ஓட்டுகிறவருக்கே தெரியாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் 4 நொடி என்றால் 65 மீட்டருக்கு மேல் வண்டி பார்ப்பாரின்றி ஓடியிருக்கும்.

வருஷக்கணக்காக ஓட்டினால் வளைவும் இறக்கமும் பழகும். தூக்கம் பழகாது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கண்ணும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவருடையதைப் போல மந்தமாகின்றன என்று 1997-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. நம் சட்டத்தில் 30-ஐத் தாண்டினாலே வழக்கு. ஒரு சொட்டுகூடத் தொடாதவரும் விடியற்காலையில் அந்த நிலையில்தான் ஸ்டியரிங் பிடிக்கிறார்.

பழியை அவர் தலையில் போட எனக்கு மனமில்லை. பிளாண்ட் வாசலில் வரிசையில் நிற்கும்போது தூங்கலாமே என்பார்கள். வரிசை நகர நகர வண்டியையும் நகர்த்த வேண்டும், அது தூக்கமா? பகல் அங்கே போய்விடுகிறது, லோடு கிடைத்ததும் இரவு ஓட்டம். 8 மணி நேர வேலை, நீண்ட தூரமானால் 10, இடையில் அரை மணி ஓய்வு என்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே எழுதிவைத்தது. இரண்டாவது டிரைவரை நிறுத்தியதில் மிச்சமான சம்பளம் ஓனருக்கு, அதற்கு விலை கொடுப்பது உங்கள் கணவரின் உடம்பு. ஏற்றியிருப்பதோ கேஸ். 2012 ஆகஸ்டில் கண்ணூர் அருகே சாலாவில் டேங்கர் ஒன்று டிவைடரில் மோதிக் கவிழ்ந்து, தெருவோரம் குடியிருந்தவர்கள் உட்பட 20 பேர் இறந்துபோனார்கள்.

அவர் வீடு வந்து நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு பேசுங்கள். இரவு 2 முதல் 5 வரை வண்டி நகரக் கூடாது, இந்த ஒன்றை மட்டும் பேசி முடிவு செய்யுங்கள். எந்தெந்த இடத்தில் டேங்கரைப் பத்திரமாக நிறுத்தலாம் என்று அவருக்கே தெரியும். அதற்கு முன்பே கண் எரிந்தால் ஓரங்கட்டி, ஒரு காபி குடித்துவிட்டு 20 நிமிடம் படுக்கட்டும். காபி வேலை செய்யத் தொடங்கவும் ஏறக்குறைய அவ்வளவு நேரமாகும். டிரிப் குறைந்தால் துண்டு விழும்தான். மகளின் கட்டணத்துக்குக் கல்விக் கடன் கிடைக்குமா என்று வங்கியில் விசாரியுங்கள். வட்டி கட்டுவது இந்த டிரிப்பை விட மேல் என்றே நினைக்கிறேன்.

ஓனரிடம் அவர் தனியாகப் போய்ப் பேசினால் வேறு டிரைவரைப் போடுவார்கள். அதே ஓனரிடம் ஓட்டும் நாலைந்து பேர் சேர்ந்து, தொழிற்சங்கத்தையும் கூட்டிக்கொண்டு, நெடுந்தூர லோடுக்கு மட்டுமாவது இரண்டு டிரைவர் கேளுங்கள்.

இன்னொன்று: அவர் பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு முட்டி எழுகிறாரா என்று கவனியுங்கள். அப்படியென்றால் எத்தனை மணி நேரம் படுத்தாலும் அசதி தீராது. மாவட்ட அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள், சிகிச்சை இருக்கிறது.